காப்ரிகார்ன் ஒன்: செவ்வாய்க்குப் போகாமலே திரும்பி வந்தவர்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், விண்வெளிப் படம் என்று நம்பி இதைப் போட்டுவிடாதீர்கள். ராக்கெட் ஒரே ஒரு தடவைதான் கிளம்புகிறது, அதிலும் உள்ளே ஆள் கிடையாது. மீதிப் படம் முழுக்கத் தரையில்தான். கைவிடப்பட்ட ராணுவ விமானத்தளம், செய்தி அலுவலகம், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாலைவனம். நட்சத்திரம், கருந்துளை, வேற்றுக்கிரகவாசி எதுவும் வராது. ஆனால் நான் பார்த்த சதிப் படங்களில், இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் தடவையைவிடப் பிடித்துப்போனது இது ஒன்றுதான்.

1978இல் வந்த படம். எழுதி இயக்கியவர் பீட்டர் ஹையம்ஸ். அமெரிக்கா செவ்வாய்க்கு மூன்று பேரை அனுப்புகிறது, உலகமே தொலைக்காட்சியில் பார்க்கிறது, ஆனால் அந்த மூவரும் ஒரு கொட்டகைக்குள் செவ்வாய் மாதிரி போட்ட செட்டில் நின்று கொடி நடுகிறார்கள். கதை இவ்வளவுதான், இதைப் படத்தின் போஸ்டரே சொல்லிவிடுகிறது. அதனால் நான் எதையும் கெடுக்கவில்லை.

நான் இதைத் தேடிப் பார்த்ததற்குக் காரணம் என் சித்தப்பா. நிலவில் மனிதன் இறங்கவே இல்லை, எல்லாம் ஸ்டுடியோ வேலை என்று நம்புகிற கட்சி அவர். மாதத்துக்கு ஒரு தடவையாவது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "காத்தே இல்லாத நிலவுல கொடி ஏன் ஆடுது?" வந்துவிடும். ஒரு நாள் இந்தப் படத்தின் ஒரு துண்டை அனுப்பி, "பாரு, அவங்களே படமா எடுத்து ஒத்துக்கிட்டாங்க" என்றார். சரி, முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

தொடக்கக் காட்சியிலேயே ஆளைப் பிடித்துப் போடுகிறது. விடியற்காலை, ஏவுதளத்தில் ராக்கெட், உள்ளே மூன்று வீரர்கள் படுத்தவாக்கில் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிளம்ப இன்னும் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் வெளியிலிருந்து கதவு திறக்கிறது. ஒரு ஆள் எட்டிப் பார்த்து, கொஞ்சம் வெளியே வாருங்கள் என்கிறார். கத்தல் இல்லை, அபாயச் சங்கு இல்லை. வங்கியில் கவுண்டரிலிருந்து உள்ளே கூப்பிடுவார்களே, அந்த மாதிரி. அவர்களை ஹெலிகாப்டரிலும் பிறகு சின்ன ஜெட்டிலும் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள், அவர்கள் போய்க்கொண்டிருக்கும்போதே பின்னால் காலி ராக்கெட் கிளம்புகிறது, பார்க்க வந்த கூட்டம் கை தட்டுகிறது.

அதன்பிறகு வருகிற காட்சிக்காகத்தான் நான் இந்தப் படத்தைச் சிபாரிசு செய்கிறேன். திட்டத்தின் தலைவர் டாக்டர் கெல்லவே, மூன்று வீரர்களையும் ஒரு அறையில் உட்காரவைத்துப் பேசுகிறார். நடித்திருப்பவர் ஹால் ஹோல்புரூக். இவர் இதற்கு இரண்டு வருடம் முன்புதான், அமெரிக்க அதிபர் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழல் பற்றிய ஒரு படத்தில், இருட்டான கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டு பத்திரிகைக்காரருக்கு உண்மையைக் கசியவிடுகிற ஆளாக நடித்திருந்தார். அதே முகம் இங்கே பொய்யைக் கட்டிக் காக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க ரசிகனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் பேச்சு நீளம். நாம் எத்தனையோ வருடமாகக் கண்ட கனவு என்று ஆரம்பிக்கிறார். ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்கிறார். அப்பல்லோ 17 நிலவில் இருந்தபோது, தங்கள் நகைச்சுவைத் தொடரின் மறுஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள் என்று ஆட்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் போட்டுத் திட்டினார்களாம், அதுவும் பழைய எபிசோடுக்கு! அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வருகிறார். உயிர்காப்புச் சாதனத்தை ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் லாபத்துக்காக மட்டமாகச் செய்துவிட்டது. போயிருந்தால் மூன்று வாரத்தில் நீங்கள் செத்திருப்பீர்கள். ரத்து செய்யலாம் என்றால், அதையே சாக்காக வைத்து மொத்தத் திட்டத்தையும் இழுத்து மூடிவிடுவார்கள். ஆகவே, பக்கத்து அறைக்கு வாருங்கள். பக்கத்து அறையில் செவ்வாய் இருக்கிறது.

இந்த மனுஷன் ஒரு இடத்தில்கூட வில்லனாகப் பேசுவதில்லை, அதுதான் பயம். நிதி ஒதுக்கீடு போய்விடுமே என்று பதறுகிற ஒரு துறைத் தலைவர், நம்ம ஊர் அலுவலகத்தில்கூட இந்த ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேச்சு வரை எனக்கே அவர் மேல் பரிதாபம்தான். வீரர்கள் மறுக்கிறார்கள், அப்போதுதான் அதே குரலில், உங்கள் மனைவி குழந்தைகள் இப்போது ஒரு விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள், அதில் குண்டு இருக்கிறது என்கிறார். அதைச் சொல்லும்போதும் அவருக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விடவும் இல்லை.

அடுத்து ஏமாற்று வேலை நடக்கிற விதம். பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. சிவப்பு மண், பின்னால் மலை வரைந்த திரை, மேலே விளக்குகள். வீரன் ஏணியிலிருந்து கால் வைக்கும்போது படத்தின் வேகத்தைக் குறைக்கிறார்கள், செவ்வாயில் ஈர்ப்பு நம் பூமியில் 38 சதவீதம்தானே, அதற்காக. கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல், கண்ணீர். கேமரா அப்படியே பின்வாங்கும்போது மொத்தச் செவ்வாயும் ஒரு கொட்டகையின் மூலையில் இருப்பது தெரிகிறது. சிரிப்பதா, வயிற்றைக் கலக்குவதா என்று தெரியாத ஒரு நிலை.

இப்போது விட்டருக்கு வருகிறேன். எலியட் விட்டர், கட்டுப்பாட்டு அறையில் ஒரு கன்சோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற சாதாரண டெக்னீஷியன், ராபர்ட் வால்டன் நடித்திருக்கிறார். எல்லாரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவன் எண்ணைப் பார்க்கிறான். கலத்திலிருந்து தரவு வந்துசேரும் முன்பே தொலைக்காட்சிப் படம் வந்துவிடுகிறது. கணக்குப் போட்டால், படம் கிளம்பும் இடம் கோடிக்கணக்கான மைல் தள்ளி இல்லை, சுமார் 300 மைலில் இருக்கிறது. மேலே இருப்பவரிடம் சொல்கிறான், உன் கன்சோல் பழுது என்று பதில் வருகிறது. நண்பனான நிருபரிடம், பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, போகிற போக்கில் சொல்கிறான். நிருபருக்கு ஒரு போன் வருகிறது, எடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வேறொரு பெண் இருக்கிறாள், இது என் வீடு, அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்போமே, அதற்கு நடைமுறையில் என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய படம் இது. சோறு நிறைய வேண்டும். பரிமாற ஆள் வேண்டும். பரிமாறியவன் வாயை மூட இன்னொருவன் வேண்டும். பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன், என்னடா இது சோறு மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டால் அவனையும் எழுப்பி வெளியே கொண்டுபோக வேண்டும். கெல்லவே அத்தனை பணத்தோடும் அதிகாரத்தோடும் செய்தும் ஒரு டெக்னீஷியன், ஒரு வேலை போகப்போகிற நிருபர், ஒரு மனைவி, மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து கையை விட்டுத் துழாவுகிறார்கள். சித்தப்பா அனுப்பிய துண்டில் இதெல்லாம் இல்லை, செட் காட்சி மட்டும்தான் இருந்தது.

படம் எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியமான கதை. ஹையம்ஸ் அதற்கு முன் சிபிஎஸ் தொலைக்காட்சிச் செய்தியில் வேலை பார்த்தவர். அப்பல்லோ ஒளிபரப்பு நேரத்தில் அவருக்குத் தோன்றியது இதுதான்: இவ்வளவு பெரிய சம்பவத்துக்கு நேரில் பார்த்த சாட்சி கிட்டத்தட்ட யாரும் இல்லை, நமக்கு இருப்பது ஒரு கேமரா. அந்தக் கேமராவே பொய் சொன்னால்? எழுபதுகளின் தொடக்கத்திலேயே கதையை எழுதிவிட்டார், வாங்க ஆள் இல்லை. வாட்டர்கேட் வெடித்து 1974இல் நிக்சன் பதவி விலகிய பிறகு, அரசாங்கம் இப்படியும் செய்யும் என்று நம்ப எல்லாரும் தயாராகிவிட்டார்கள். பிரிட்டிஷ் தயாரிப்பாளர் லியூ கிரேட் பணம் போட்டார், செலவு ஏறக்குறைய 50 லட்சம் டாலர். கூத்து என்னவென்றால், நாசாவே ஒத்துழைத்து நிலவில் இறங்கும் கலத்தின் மாதிரி ஒன்றை இரவல் கொடுத்திருக்கிறது. தன்னைப் பொய்யன் என்று சொல்கிற படத்துக்கு! அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

அந்த இரவல்தான் படத்தின் பெரிய ஓட்டையும்கூட. நிலவில் காற்று இல்லை, அதனால் அந்தச் சிலந்திக் கால் வண்டி அங்கே போதும். செவ்வாயில், பூமியோடு பார்த்தால் நூற்றில் ஒரு பங்கு என்றாலும், காற்று மண்டலம் இருக்கிறது. வெப்பக் கவசம் வேண்டும், பாராசூட் வேண்டும், 2012இல் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே இறங்கியபோது எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைப் பார்த்திருப்பீர்கள். 1976இலேயே வைக்கிங் கலங்கள் அங்கே இறங்கிப் படம் அனுப்பியிருந்தன, தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் இந்த வண்டியில் செவ்வாய்க்குப் போனதாக உலகமே நம்புகிறது, ஒரு கல்லூரி மாணவன்கூட எழுந்து கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை, படத்தில் ரஷ்யாக்காரனே இல்லை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவுக்குப் போனபோது, அதே நேரத்தில் சோவியத்தின் ஆளில்லாக் கலம் லூனா 15உம் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது, இரண்டையும் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி கேட்டுக்கொண்டிருந்தது. நிலவிலிருந்து வந்த படத்தையே ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி பிடித்துக் கொடுத்தது. வானத்தின் எந்தத் திசையிலிருந்து சிக்னல் வருகிறது என்று எதிரி நாட்டுக்காரன் ஒரு ஆண்டெனாவைத் திருப்பினாலே போதும், விட்டர் வேண்டியதில்லை, கெல்லவே கதை முடிந்தது. ஹையம்ஸுக்கு இது தெரியாமல் இருக்காது. சொன்னால் படம் இருபதாவது நிமிடத்தில் நின்றுவிடும் என்று விட்டிருப்பார்.

இனி கொஞ்சம் கதையைச் சொல்லப்போகிறேன், வேண்டாதவர்கள் இரண்டு பத்தி தள்ளிப் போங்கள். காலிக் கலம் பூமிக்குத் திரும்பும்போது வெப்பக் கவசம் போய்விடுகிறது. அதாவது உலகத்தைப் பொறுத்தவரை மூவரும் செத்தாயிற்று. கொட்டகைக்குள் உயிரோடு இருக்கிற மூவருக்கும் இது எப்போது உறைக்கிறது என்பது நல்ல காட்சி, யாரும் வந்து சொல்வதில்லை, அவர்களே மெதுவாகக் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்கிறார்கள். தப்பி ஒரு ஜெட்டை எடுத்துக்கொண்டு பறக்கிறார்கள், எரிபொருள் தீர்ந்து பாலைவனத்தில் இறங்குகிறது. ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து நடக்கிறார்கள், பிடிபட்டால் வானத்தில் ஒரு தீச்சுடர் (ஃப்ளேர்) விட வேண்டும் என்று ஒப்பந்தம்.

அவர்களைத் தேடி இரண்டு ஹெலிகாப்டர்கள் வருகின்றன. ஓட்டுகிறவர்கள் முகம் நமக்கு முக்கியமே இல்லை, ஹெலிகாப்டர்கள்தான் பாத்திரங்கள். காற்றில் நின்று ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொள்ளும், ஏதோ பேசுகிற மாதிரி, பிறகு வேறு வேறு பக்கம் போகும். குளவி இரை தேடுவதைப் பார்த்திருந்தால் புரியும். இன்னொரு பக்கம் சாம் வாட்டர்ஸ்டன் ஒரு செங்குத்துப் பாறையில் ஏறிக்கொண்டே தனக்குத்தானே ஒரு நீளமான ஜோக் சொல்லிக்கொள்கிறார். பூனை செத்துப்போன செய்தியை எடுத்தவுடனே சொல்லக் கூடாது, முதலில் பூனை கூரை மேல் ஏறியிருக்கிறது என்று ஆரம்பிக்க வேண்டும் என்கிற ஜோக். மூச்சு வாங்குகிறது, கை வழுக்குகிறது, ஜோக் நிற்கவில்லை. உச்சியை அடையும்போதுதான் அது முடிகிறது, உச்சியில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே பாருங்கள். மூன்று வீரர்களில் ஜேம்ஸ் ப்ரோலினுக்குத்தான் அதிக இடம், பசிக்குப் பாம்பைத் தின்கிற அளவுக்குப் போகிறார். மூன்றாமவர் ஓ. ஜே. சிம்ப்சன், அன்றைக்கு நாடறிந்த அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம். வசனம் குறைவு, நடிப்பும் குறைவு. பின்னாளில் முன்னாள் மனைவியின் கொலை வழக்கில் அவர் பெயர் உலகம் முழுக்கப் பேசப்பட்டது நமக்குத் தெரியும் என்பதால், அவர் போலீசுக்கு இல்லை, அரசாங்கத்துக்கு அஞ்சி ஓடுகிற காட்சிகளில் மனம் கதையை விட்டு எங்கோ போய்விடுகிறது. அது படத்தின் குற்றம் இல்லை.

நிருபர் கால்ஃபீல்டாக எலியட் கூல்ட். இஸ்திரி போடாத சட்டை, பாதி வாக்கியத்தில் நழுவிப் போகிற பேச்சு. செய்தி ஆசிரியரிடம் 48 மணி நேரம் அவகாசம் கேட்கிறார், அவரோ, அந்தப் படத்தை நானும் பார்த்தேன், அதில் 24 மணி நேரம்தான் என்கிறார். சதிப் படத்துக்குள்ளேயே சதிப் படங்களைக் கிண்டல் செய்கிற இந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது. பிரேக் பிடிக்காத காரில் இவர் ஊருக்குள் பாய்கிற காட்சி ஒன்று இருக்கிறது, கேமராவைக் காரின் முன்னால் தரையை ஒட்டிக் கட்டிவிட்டு எடுத்தது, அந்தக் காலத்துச் சங்கதி என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்து என்னை அறியாமல் காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன்.

துப்பு கிடைக்கிற இடம் அதைவிட அழகு. ப்ரோலின் நடித்த வீரன் கொட்டகையிலிருந்து மனைவியோடு பேசும்போது, மகனைப் போன கோடையில் போனதுபோல மறுபடி யோசெமிட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அவர்கள் போன கோடையில் போனது அங்கே இல்லை, ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடத்துக்கு. பொய்யை எப்படி நிஜம் மாதிரி காட்டுகிறார்கள் என்று அவன் அங்கே வியந்து பார்த்திருக்கிறான். மனைவியாக வரும் பிரெண்டா வக்காரோ முகத்தில் அந்த ஒரு நொடி குழப்பம் வந்துபோகிறது, வெளியே சொல்ல மாட்டாள். வீட்டில் நாம் தப்பாகச் சொல்கிற ஊர்ப் பெயரைக் கவனிக்கிற ஒரே ஆள் யார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, கரென் பிளாக் மாதிரி ஒரு நடிகையைச் சக நிருபராகக் கூப்பிட்டுவந்து காரும் பணமும் கொடுத்து உதவ மட்டும் வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டு வீரர்களின் மனைவிகளுக்கு முகமே பதியவில்லை.

கடைசியில் டெல்லி சவாலஸ் வருகிறார், வயலுக்கு மருந்து தெளிக்கிற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் சொந்தக்காரர். மொட்டைத் தலை, கூலிக்கு அடாவடிப் பேரம், கண்ணில் படுகிறவனையெல்லாம் வக்கிரம் பிடித்தவன் என்று திட்டுகிறார். அதுவரை இறுக்கமாக வந்த படம் அந்த நிமிடத்திலிருந்து திருவிழாவாகிவிடுகிறது. அந்த ஓட்டை விமானமும் இரண்டு ஹெலிகாப்டர்களும் பள்ளத்தாக்குக்குள் புகுந்து விரட்டிக்கொள்வதைக் கணினி இல்லாத காலத்தில் நிஜமாகவே பறந்து எடுத்திருக்கிறார்கள். பாறை நிஜம், இறக்கைக்கும் பாறைக்கும் உள்ள இடைவெளியும் நிஜம். போலியைப் பற்றிய படத்தில் மிக நிஜமான விஷயம் இதுதான்.

ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசையைச் சொல்லாமல் விட முடியாது. தாளம் சீராக நடக்காது, நொண்டி நொண்டி ஓடிவந்து இடிக்கிற மாதிரி பித்தளை வாத்தியங்களும் முரசும். எழுத்து போடும்போதே வயிற்றில் பிசைகிறது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதில் கேளுங்கள்.

என் வருத்தம் ஒன்றுதான். பின்பாதியில் கெல்லவே காணாமல் போகிறார். முதல் பாதியில் அப்படி ஒரு பேச்சைக் கொடுத்த மனிதனை, பிறகு இடிந்த முகத்தோடு அங்கங்கே நிற்கவைத்துவிட்டு, கதை ஓட்டத்துக்கும் விரட்டலுக்கும் போய்விடுகிறது. தான் சொன்ன பொய்க்காக எத்தனை பேரைக் கொல்ல வேண்டியிருக்கிறது என்று அவர் ராத்திரி உட்கார்ந்து எண்ணுகிற ஒரு காட்சி வைத்திருந்தால் போதும். விரட்டல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விரட்டல் எடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் முக்கால் மணி நேரம் பேச்சு அதிகம், அப்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் மீதி வீண். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பாம்புக் காட்சி வேண்டாம். நான் முதலில் வாங்கிய வட்டில் சப்டைட்டில் வசனத்துக்கு இரண்டு நொடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைத் தரவு படத்துக்குப் பின்னால் வருகிற கதைக்கு அது பொருத்தம்தான், இருந்தாலும் கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். நல்ல பிரதியாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் சித்தப்பா. தீபாவளிக்கு வந்தபோது உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். படத்துக்கு முன்பே, 1976இல், பில் கேசிங் என்பவர் நிலவுக்குப் போகவே இல்லை என்று சொந்தமாகப் புத்தகம் போட்டிருக்கிறார், படம் அந்தத் தீயில் எண்ணெய்தான் ஊற்றியது, சாட்சி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நிலவிலிருந்து கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் இருக்கிறது, அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றைக்கும் லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள் என்றேன். "நீ படத்தைப் போடுடா" என்றார். செட் காட்சி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். விட்டர் வந்ததும் சிரிப்பு நின்றது. இவர் முப்பது வருடம் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் கணக்கு பார்த்தவர், எண் உதைக்கிறது என்று ஒருத்தன் மேலதிகாரியிடம் போய் நிற்பதும், போய் உன் மிஷினைப் பார் என்று திருப்பி அனுப்பப்படுவதும் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

விமான விரட்டலில் கை தட்டினார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கணக்குப் பையன் என்னடா ஆனான்?"

"அதைச் சொல்லவே இல்ல சித்தப்பா."

"சொல்லவே இல்லையா?" என்றார். ரிமோட்டை வாங்கி, பில்லியர்ட்ஸ் மேஜைக் காட்சி எங்கே வருகிறது என்று பின்னால் தள்ளித் தேட ஆரம்பித்தார்.